3 அடி பவளத் தொட்டியில் ஒரு பேத்தை விடலாமா?

தேவகோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 3 அடித் தொட்டி, சுமார் 200 லிட்டர் கடல்நீர். உள்ளே ஒரு ஜோடி கோமாளி மீன், மெத்தென்ற பவள வகைகளில் கொஞ்சம் சோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு லெதர் கோரல், கல்லாக வளரும் வகையில் ஒரு ஹேமர் கோரல், 2 கிளீனர் இறால், கண்ணாடியில் பாசி மேய்கிற நத்தை ஒரு டஜன். சென்னைக்குப் போன இடத்தில் கொளத்தூர்க் கடையொன்றில் வாலன்டினி பஃபர் என்ற சின்னப் பேத்தையைப் பார்த்துவிட்டு மகன் அடம்பிடிக்கிறான். கடைக்காரர் "ரீஃப் சேஃப்தான் சார், கொஞ்சம் பாத்துக்கணும்" என்று, அதாவது பவளத்தைத் தொடாது என்று, சொல்லியிருக்கிறார். பவளத்தோடு பஃபரை விடலாமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. இரண்டு முறை படித்ததில், "இப்போது இருக்கிற எதுவும் போகாமல் இதையும் சேர்க்க வழி உண்டா" என்பதுதான் கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு வழி இல்லை. ஆனால் எது போகும் என்பதில் உங்கள் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. நீங்கள் பவளத்துக்காகப் பயப்படுகிறீர்கள். முதலில் காலியாவது நத்தையும் இறாலும்.

என்னைப் பற்றி ஒரு வரி. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையில் படித்தேன். படிப்புக்கேற்ற வேலை அமையாமல் காரைக்குடியில் மீன் தொட்டி அமைத்துப் பராமரிக்கும் தொழிலுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. வாடிக்கைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் நன்னீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள். கடல்நீர்த் தொட்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாலன்டினி மூன்றை நீண்ட நாள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பெரிய வகையில் ஒன்றே ஒன்று. அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்களை நான் வளர்த்ததே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பஃபர் என்று கடையில் விற்பது நம் கரையில் பேத்தை. தொண்டியில் விசைப்படகு வந்து வலையை உதறும்போது கழிசலோடு கழிசலாக வயிறு ஊதிக் கிடக்கும், யாரும் சீந்தமாட்டார்கள். கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில் தொட்டி வைத்து முதல் வாலன்டினியை விட்ட அன்று, அந்த வீட்டு ஆச்சி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது பேத்தையில்ல? இதப் போயி காசு குடுத்தா வாங்கியாந்தே?" என்றார்கள். அவர்கள் கண்டுபிடித்தது அதன் வாயை வைத்து. இந்தக் குடும்பத்துக்கு அறிவியலில் டெட்ரோடோன்டிடே என்று பெயர். நான்கு பல்காரன் என்று அர்த்தம். மேலே இரண்டு, கீழே இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கிளி மூக்கு மாதிரி இருக்கும். நம் நகம் போல அவை வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடுள்ள எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் வாய் வாயாக இருக்கும்; இல்லாவிட்டால் பல் நீண்டு, வாய் திறக்க முடியாமல், தீனி கண்ணெதிரே கிடக்கப் பட்டினியில் சாகும். கடிக்காத பேத்தை என்று ஒன்று இருக்க முடியாது. எதைக் கடிக்கிறது என்பதில்தான் வகைக்கு வகை வேறுபாடு.

பஃபர் என்ற ஒரே பெயரில் கடைகளில் பல வகை ஓடுகிறது. டாக் ஃபேஸ் என்கிற அரோத்ரான் நைக்ரோபங்டேட்டஸ் 30 செ.மீ.க்கு மேல் வளரும், பவளத்தையும் கடிக்கும். அதே அரோத்ரானில் மெலியாக்ரிஸ் என்றொரு வகை, கடலிலேயே கிளைப் பவளத்தின் நுனிகளை நறுக்கித் தின்று வாழ்வது. ஸ்டெல்லேட்டஸ் 1 மீட்டரைத் தாண்டும். அதற்குத் தொட்டி போதாது, ஊருணிதான் வெட்ட வேண்டும். உடம்பெல்லாம் முள்ளோடு இருக்கும் டயடான் முள் பேத்தைக்கு உங்கள் 3 அடி ஒரு வருடம்கூடத் தாங்காது. கேரளப் பக்கத்து ஆறுகளின் 3 செ.மீ. குட்டிப் பஃபர் முழு நன்னீர் மீன், உப்பில் விட்டால் செத்துப்போகும். நன்னீர் மீன் என்று சொல்லி விற்கிற பச்சைப் புள்ளி பஃபரோ முகத்துவாரத்து மீன்; இதைத் தெரியாமல் வாங்கி, நன்னீரில் வைத்து, ஆறே மாதத்தில் இழந்தவர்களில் நானும் ஒருவன்.

உங்கள் மகன் பார்த்தது கேன்திகாஸ்டர் வாலன்டினி. இந்தக் கூட்டத்தில் சின்னது, சுமார் 11 செ.மீ.யோடு நின்றுவிடும். வெள்ளை உடம்பின் முதுகில் சேணம் போட்டாற்போல நான்கு கறுப்புப் பட்டைகள். நடுவில் உள்ள இரண்டும் வயிறு வரை இறங்கும். வாங்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள்: இதே வேஷத்தில் பாராலூட்டிரஸ் என்றொரு மீன் உண்டு. பேத்தையின் விஷத்துக்குப் பயந்து பெரிய மீன்கள் ஒதுங்குவதால் அதே நிறம், அதே பட்டை போட்டுக்கொண்டு பிழைக்கிறது. முதுகுத் துடுப்பைப் பாருங்கள். வாலன்டினிக்கு அது வாலுக்குப் பக்கத்தில் குட்டையாக, விசிறி மாதிரி இருக்கும். வேஷக்காரனுக்கு நீளமாகப் பின்னுடம்பு முழுக்க ஓடும்.

கடலில் வாலன்டினி அதிகம் தின்பது இழைப்பாசியையும், பாறையில் ஒட்டி வாழும் கடற்பீச்சிகளையும். பவளம், புழு, நத்தை, சிப்பி, கடல் முள்ளெலி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். பவளம் அதற்குச் சோறு இல்லை, ஊறுகாய். ஊறுகாய்தானே என்று விடவும் முடியாது. கடலில் பானை பானையாகக் கிடக்கிறது, உங்கள் தொட்டியில் இருப்பது ஒரு கரண்டி.

இனி நிச்சயமானதைச் சொல்கிறேன். நத்தை, துறவி நண்டு, விசிறிப் புழு, சிப்பி வகைகள், இறால் எல்லாம் போகும். கிளீனர் இறால் தோலுரித்து மெத்தென்று இருக்கும் இரவில் போகும். அதுவரை மீசையும் காலும் ஒவ்வொன்றாகக் குறையும். கானாடுகாத்தான் தொட்டியில் 9 டர்போ நத்தை இருந்தன. ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். பேத்தை வாலை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு, மார்புத் துடுப்பை மட்டும் படபடவென்று அடித்து, ஒரே இடத்தில் மிதந்தது. ஒரு கண் என்னைப் பார்க்கிறது, இன்னொரு கண் நத்தையைப் பார்க்கிறது. நத்தை ஓட்டுக்குள்ளிருந்து பாதத்தை நீட்டும்வரை அசையவில்லை. நீட்டியதும் ஒரே கடி. கண்ணாடிக்கு வெளியே எனக்குப் பொரிகடலை கடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஐந்து நிமிடம் பாறையில் பாசியைக் கொறித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி அதே நத்தையிடம் வந்தது. இரண்டு வாரத்தில் ஒன்பதும் வெறும் ஓடு.

பவளத்துக்கு ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது, கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். நத்தையும் நண்டும் போனபின் பாசியை மேய ஆள் இல்லை. அதே சமயம் மாமிசம் தின்னும் ஒரு மீனுக்காக நீங்கள் தினமும் இறால் சதையும் மட்டியும் போடுகிறீர்கள்; அது பாதியைக் கடித்துச் சிதறடிக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும், பாசி செழிக்கும். மஷ்ரூமுக்கும் சோவாந்தஸுக்கும் நடுவே நூல் நூலாகப் பச்சைப் பாசி நுழைந்து, வெளிச்சத்தை மறைத்து, அவற்றை விரியவிடாமல் செய்துவிடும். கானாடுகாத்தானில் நாங்கள் இழந்த சோவாந்தஸ் திட்டில் ஒரு கடிகூட இல்லை. பேத்தை அதைத் தொடவே இல்லை. பாசி மூடித்தான் போனது.

நேரடியாகக் கடிக்குமா என்றால், இங்கே நிச்சயம் முடிந்து சந்தேகம் தொடங்குகிறது. லெதர் கோரலின் சதையில் மீன்களுக்குப் பிடிக்காத ரசாயனங்கள் உண்டு. என் மூன்று மீனும் அதைச் சீண்டியதில்லை. சோவாந்தஸையும் பெரும்பாலும் விட்டுவிடும். (அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கிறது. பாறையைச் சுத்தம் செய்யும்போது கையுறை போடுங்கள், எந்தக் காரணம் கொண்டும் அந்தப் பாறையைக் கொதிநீரில் போடாதீர்கள். அந்த ஆவி ஆளையே சாய்க்கும்.) மஷ்ரூம் இரண்டுங்கெட்டான். ஹேமர் கோரல்தான் பலி: கொழுகொழுவென்று சதை, காற்றிலாடும் கதிர் மாதிரி நுனிகள், பார்க்கிற பேத்தைக்குப் புழுக்கூட்டம் போலத் தெரியும்.

ஆனால் ஒரே வகையில் இரண்டு மீன் ஒரே மாதிரி நடப்பதில்லை. எது கடிக்கும், எது கடிக்காது என்று கடைத் தொட்டிக்கு வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது. "ரீஃப் சேஃப்" என்பது அந்த மீன் இதுவரை என்ன செய்யவில்லை என்பதற்கான சான்றிதழ், அவ்வளவுதான். என் முதல் மீன் பவளத்திடம் எட்டு மாதம் சாது. ஒன்பதாவது மாதம் அந்த வீட்டார் கல்யாணத்துக்காக நான்கு நாள் வெளியூர் போனார்கள். தீனி போட ஏற்பாடு செய்திருந்த பையன் இரண்டு நாள்தான் வந்தான். திரும்பி வந்து பார்த்தால் மஷ்ரூமின் ஓரத்தில் பிறை வடிவில், கத்தரிக்கோலால் வெட்டியது போல ஒரு வெட்டு. அன்றிலிருந்து வயிறு நிரம்பியிருந்தாலும் மஷ்ரூமைக் கடித்தது. ஒருமுறை ருசி கண்டுவிட்டால் பழக்கத்தை மாற்ற முடியாது என்பது நான் மூன்று மீனில் கண்டது. முந்நூறு மீன் பார்த்தவர் வேறு சொல்லலாம்.

உங்கள் ஹேமர் கோரலைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாறையாக வளரும் கற்பவளங்கள் அத்தனையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001இல் சேர்த்தார்கள், 2022 திருத்தத்துக்குப் பிறகும் அப்படியே நீடிக்கின்றன. கறும்பவளம், கடல்விசிறி, தீப்பவளம் ஆகியவையும் அதே பட்டியலில். புலிக்கு உள்ள அதே அட்டவணை. தண்டனை 3 வருடத்திலிருந்து 7 வருடம் வரை சிறை. ஹேமர், டார்ச், மூளைப் பவளம், அக்ரோபோரா எல்லாம் இந்தக் கற்பவளக் கூட்டம். "இது இம்போர்ட்" என்ற வாய்வார்த்தையை மட்டும் நம்பி வைத்திருக்க வேண்டாம். காகிதம் கேளுங்கள், வனத்துறையிடம் நேரில் விசாரித்துவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளப் பார்களிலிருந்து ஒரு செத்த பவளக் கல்லை எடுத்து வருவதும் குற்றம்தான். லைவ் ராக், அதாவது நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை, என்று யாராவது ராமேசுவரத்திலிருந்து கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் ஆகியவை கற்பவளம் அல்ல, அந்த வரியில் வராதவை. எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது: சட்டம் வைத்துக்கொள்ள விடுவதும் பேத்தை விட்டுவைப்பதும் ஏறக்குறைய ஒரே பட்டியல்.

தண்ணீர் விஷயம். 200 லிட்டரில் ஒரு வாலன்டினி தாராளமாக இருக்கும். இரண்டு வேண்டாம், ஆண்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும், ஆணா பெண்ணா என்று கடையில் பிரித்துச் சொல்வது கடினம். அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் இல்லாவிட்டால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். இருந்தாலும் வாரம் 30 லிட்டராவது மாற்ற வேண்டும். நம் ஊர் போர் தண்ணீர் வேண்டாம்; ஆர்.ஓ. தண்ணீரில், அதுவும் மினரல் கார்ட்ரிட்ஜ் கழற்றிய ஆர்.ஓ.வில், லிட்டருக்கு சுமார் 35 கிராம் கடலுப்பு மிக்ஸ் கரைத்து, அடர்த்தி 1.025 வருகிறதா என்று ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். தொண்டியில் கேனில் மொண்டுவரலாமே என்று கேட்பார்கள். கரையோரத் தண்ணீர் கலங்கல், மழைக்குப் பிறகு உப்பும் குறைந்திருக்கும். கால்சியத்துக்குச் சுண்ணாம்புத் தெளிவு விடும் முறை இந்தத் தொழிலில் உண்டு. செட்டிநாட்டில் சுண்ணாம்புக்கா பஞ்சம் என்று ஒருவர் பழைய வீட்டுப் பூச்சு வேலைக்கு நீற்றிய சுண்ணாம்பையே கரைத்து ஊற்றினார். அது சுத்தமான சரக்கு அல்ல. என்ன கலந்திருக்கும் என்று தெரியாததைத் தொட்டியில் விடாதீர்கள்.

வெயில்தான் நமக்குப் பெரிய எதிரி. பவளத்துக்கு 25, 26 டிகிரி உகந்தது. 30ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், அதன் சதைக்குள் குடியிருந்து சர்க்கரை ஆக்கித் தரும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் கடலிலேயே அதுதான் நடந்தது. மே மாதம் உங்கள் ஊரில் வெளியே 39, 40 ஓடும். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய வீடானால் முற்றத்து வெயில் படாத உள்ளறையில் கொஞ்சம் தப்பலாம். கடற்கரை ஊர்களைவிட நமக்கு ஒரு வசதி: காற்று வறண்டது, தண்ணீர்ப் பரப்பின் மேல் ஃபேன் ஓடவிட்டாலே 2 டிகிரி இறங்கும். அந்த அளவுக்குத் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஏறும். தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி ஈடுகட்ட வேண்டும். ஏப்ரல் முதல் ஜூலை வரை தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் சமாளிப்பேன் என்று நான் சொல்லமாட்டேன். பராமரிப்புக்காக மாதம் ஒரு நாள் காலையில் நிறுத்தும் கரண்ட் சாயங்காலம்தான் வரும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் தொட்டிக்கடியில் தட்டும் ரப்பர் விரிப்பும் போடுங்கள். அது சிமெண்டுக் கல், உப்புத் தண்ணீரைக் குடிக்கும். பூப்பூவாக வெள்ளை பூத்தபின் எவ்வளவு துடைத்தாலும் அந்தப் பளபளப்பு திரும்பாது. இந்தப் பாடத்தை ஒருவர் வீட்டுத் தரையில் கற்றுக்கொண்டு, கல் மாற்றிக் கொடுத்த செலவு என்னுடையது.

தீனிக்குக் காரைக்குடி மார்க்கெட் போதும். ஓட்டோடு மட்டி, ஓடு உரிக்காத சின்ன இறால், நண்டுக்கால், கணவாய்த் துண்டு. வாங்கி வந்து கழுவி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துப் பிறகு போடுங்கள். தினம் சின்ன அளவில் இரண்டு வேளை, நடுவில் ஒரு நாள் நோரி போன்ற கடற்பாசி. இத்தனைக்கும் மீறிப் பல் நீண்டால், கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் மயக்கி வெட்டிவிடுவார்கள். நான் ஒரே ஒருமுறை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று செய்யவைத்தேன்; கை நடுங்கியது. எழுத்தில் படித்துச் செய்கிற வேலை இல்லை.

நோய் வந்தால் இந்தக் கூட்டணி இன்னும் சிக்கல். பேத்தைக்குச் செதில் கிடையாது, வெண்புள்ளி நோய் சீக்கிரம் தொற்றும். அதற்கான வழக்கமான மருந்து செம்பு. செம்பு பட்டால் பவளமும் இறாலும் மொத்தமாகப் போகும், பேத்தைக்கே அளவு மீறினால் ஆபத்து. ஆகவே தனியாக 40, 50 லிட்டர் தனிமைத் தொட்டி ஒன்று வேண்டும். புது மீனை நான்கு வாரம் அதில் வைத்துத்தான் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். இதற்கு இடமோ பொறுமையோ இல்லையென்றால் மகனிடம் கோமாளி மீனே போதும் என்று சொல்லிவிடலாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். ஹேமர் கோரல் விஷயத்தை முதலில் முறைப்படுத்துவேன். இறால் இரண்டையும் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவேன். நத்தையைப் பேத்தையின் தீனிக் கணக்கில் எழுதிவிட்டு, பாசி சுரண்டும் வேலையை நானே எடுத்துக்கொள்வேன். லெதரும் சோவாந்தஸும் உள்ள பேத்தைத் தொட்டி என்று அதற்குப் பெயர் மாற்றிக்கொண்டு, ஒரே ஒரு வாலன்டினி வாங்குவேன். பவளம்தான் முக்கியம், அதில் ஒரு இதழ்கூடக் குறையக் கூடாது என்றால் வாங்க மாட்டேன். கரையில் கழிசலில் சும்மா கிடைக்கிற பேத்தையை எடுத்துவந்து விடலாமா என்று என்னிடம் கேட்டவர்களும் உண்டு. அவை பெரும்பாலும் லேகோசெபாலஸ், கடலில் ஓடித் திரிகிறவை, வலையையே கடித்து அறுப்பவை; தொட்டிக்கு ஆகாது. சமையலுக்கும் நிச்சயமாக ஆகாது. அதன் டெட்ரோடோடாக்சின் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது.

மகன் அது பந்து மாதிரி ஊதுவதைப் பார்க்க வேண்டும் என்கிறான் என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். அது பயத்தில் செய்வது. தண்ணீருக்குள் ஊதினால் வயிற்றில் தண்ணீர் போகும், தானே வெளியேற்றிவிடும். வலையில் தூக்கி வெளியே ஊதினால் காற்று போகும், காற்று சுலபத்தில் வெளிவராது. நான் ஒருமுறை அவசரத்தில் வலைபோட்டுத் தூக்கிவிட்டேன். மீன் வெள்ளைப் பந்தாகத் தலைகீழாக மிதந்தது. தண்ணீருக்கடியில் கையை விட்டு, தலை மேலே வால் கீழே வரும்படி பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வாயிலிருந்து குமிழி ஒவ்வொன்றாக வரும்வரை. ஆகவே கடையில் வலை போட வேண்டாம், டப்பாவில் தண்ணீரோடு மொண்டு தரச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு இறால் துண்டு போடச் சொல்லிக் கண்ணெதிரே தின்கிறதா, வயிறு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பையில் வேறு மீனோடு சேர்க்கக் கூடாது, மிரண்டால் விஷம் கசியும். பையை இரட்டையாகப் போடச் சொல்லுங்கள். பல்லவனில் ஏறினால் இரவு காரைக்குடி வந்துவிடலாம். பையை ஏசி வரும் இடத்தில் வைக்காமல் தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் மகன் முதல் வேலையாக அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்ப்பான், பெட்டியை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.